கனகாம்பாள் டையை நிறுத்திய கதை

பொன்னேரி ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நிற்கும் பெண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய ஒருத்தியின் தலையிலும் ஒரு வெள்ளை முடி இருக்காது. கருப்பு என்றால் சாதாரணக் கருப்பா? புதுசாகத் தார் போட்ட ரோடு மாதிரி கருப்பு. காது மடலில் கறை, நெற்றி ஓரத்தில் கறை, சிலருக்குப் பின்கழுத்தில்கூடக் கறை. ஏதோ அழகுக்காகப் பூசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தீர்களானால், அடப் போங்கள், அத்தனையும் பயம். கனகாம்பாள் அந்தப் பயத்தை ஆறு வருஷமாகத் தலையில் பூசிக்கொண்டு வந்தவள்.

அவளுக்கு ஐம்பது வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இருமல் மருந்து பாட்டில்களைப் பேக்கிங் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக வரும். லேபிள் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, அதில் காலாவதித் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து பார்த்து அனுப்ப வேண்டும். இந்தப் பக்கம் கனகாம்பாள், எதிர்ப்பக்கம் வினோதா. புருஷன் பூவராகவன் பழவேற்காடு ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவன். படகு இழுக்கும்போது இடுப்பு பிசகிப்போய் வீட்டோடு கிடக்கிறான். மகன் முரளி ஆவடியில் தனிக்குடித்தனம், அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு. ஆக, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் கனகாம்பாள் தினமும் அந்தக் கேட்டுக்குள் போயாக வேண்டும்.

அந்தக் கேட்டில்தான் எமன் உட்கார்ந்திருந்தான். பெயர் மோகன்ராஜ். கான்ட்ராக்டருடைய சூப்பர்வைசர், நாற்பதுகூட ஆகாத ஆள். காலையில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "நீ போ, நீ போ" என்று உள்ளே விடுவான். வேண்டாம் என்றால் கத்த மாட்டான், திட்ட மாட்டான். "நீ இரு, அக்கா" என்று ஓரமாக நிறுத்திவிடுவான். அப்படி நின்றவள் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதிலும் ஆறு வருஷத்துக்கு முன்னால் கெங்கம்மாளை அவன் நிறுத்திய தினத்தை அங்கே யாரும் மறக்கவில்லை.

கெங்கம்மாள் ஆரம்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தவள். டை, மை ஒன்றும் கிடையாது. பாதி வெள்ளையும் பாதி கருப்புமாக அள்ளிச் செருகிய கொண்டையோடு வருவாள். அன்றைக்கு மோகன்ராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினான். கடைசியாகச் சொன்னது மட்டும் பின்னால் நின்றவர்கள் காதில் விழுந்தது. "ஆயா, நாளைலருந்து வராத. ஊட்ல இரு." கெங்கம்மாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் டிபன் பையை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான்.

நேற்று வரைக்கும் அக்கா, இன்றைக்கு ஆயா! பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நரைத்த தலையைப் பார்த்துத்தான் துரத்திவிட்டான் என்று அன்று சாயங்கால வண்டியிலேயே முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் முழு லைனும் கன்னங்கரேல் என்று வந்து நின்றது. கனகாம்பாளும்தான்.

அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்துப் பூசுவாள். வகிட்டில் வெள்ளை தெரிய ஆரம்பித்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வண்டியில் உட்காராமல் நின்றுகொண்டே வருவாள். உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு உச்சந்தலை தெரியுமே! முதலில் தலை லேசாக அரித்தது. பிறகு காதோரம் கொப்புளம் கிளம்பித் தண்ணீர் வடிந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு சமாளித்தாள். போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"முரளி அப்பா, கரண்டு பூட்ச்சா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பூவராகவன் திரும்பிப் பார்த்து அலறிவிட்டான். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு, உதடு தொங்கிக் கிடந்தது. இடுப்பு வலியையும் மறந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, காதோரக் கறையைத் தொட்டுப் பார்த்தாள்.

"டைதான். இந்த தடவ மூஞ்சியோட போச்சு. அடுத்த தடவ தொண்ட வீங்குனா மூச்சு நின்னுடும். சும்மா பயமுறுத்துறேன்னு நெனைக்காதீங்கம்மா. அந்த பாக்கெட்ட இனிமே கையாலகூடத் தொடக் கூடாது."

கனகாம்பாள் தலையை ஆட்டினாள். மூச்சு நின்றுவிடும் என்றது அவளுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குள் நின்றது மோகன்ராஜ்தான். டை அடித்தால் உயிர் போகும். அடிக்காவிட்டால் வேலை போகும். பொம்பளை எந்தப் பக்கம் போவாள்?

மருதாணி அரைத்துப் போட்டுப் பார்த்தாள். வெள்ளை முடியெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. பூவராகவன் பார்த்துவிட்டு, "இன்னாமே, தல தீப்புடிச்சிக்கினு எரியற மாரி கீது" என்றான். அவள் பாத்திரத்தை எடுத்து அவன் மேல் வீசாத குறை. இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த நேரத்தில்தான் ஆடி பிறந்தது. பெரியபாளையத்தம்மனுக்கு மாட்டு வண்டியிலும் லாரியிலும் ஜனம் போகிற மாதம். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மொட்டை! மொட்டை அடித்துக்கொண்டு போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? வேண்டுதல் என்று சொன்னால் மோகன்ராஜ் என்ன, கம்பெனி முதலாளியே வாயைத் திறக்க முடியாது. அதைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்றும் அவளுக்கு இருந்தது. சின்ன வயதில் முரளிக்குச் செம்பட்டையாக முடி இருந்தது. பெரியபாளையத்தில் மொட்டை போட்ட பிறகு கருகருவென்று வளர்ந்தது. குழந்தைக்கு வளர்கிறது, தாய்க்கு வளராதா? அம்மனுக்குத் தெரியாதா இவள் கஷ்டம்?

பூவராகவன் சிரித்தான். "கொயந்தைக்கு வரும். உனக்கு இன்னா, பல்லுகூட புதுசா மொளைக்குமா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? சும்மா கெட" என்று அவள் கையில் வேப்பிலையோடு கிளம்பிவிட்டாள். நாவிதர் கத்தி வைக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கருப்பாக வரவேண்டும், கருப்பாக வரவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேட்டில் மோகன்ராஜ் பார்த்தான். "பெரியபாளையமா? சரி சரி, உள்ள போ" என்றான். கனகாம்பாளுக்கு உடம்பெல்லாம் காற்று புகுந்த மாதிரி இருந்தது. உள்ளே எப்படியும் எல்லோரும் நீலத் தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே மொட்டைத் தலையில் சந்தனம். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள். பாவம், அந்த ஒரு மாதம்தான்.

ஆவணி பாதியில் தலையைத் தடவினால் சொரசொரவென்று தட்டியது. கண்ணாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். உப்பைத் தூவியது போல் முழுக்க வெள்ளை. சில இடத்தில் சாம்பல். கருப்பு என்று சொல்லப் பின்மண்டையில் ஒரு கைப்பிடி அளவு இருந்திருந்தால் அதிகம். டை பூசிப் பூசித் தன் தலை இவ்வளவு நரைத்துப் போனதே அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி நின்று இவளை முறைத்தாள். அம்மனே, உன்னை நம்பித்தானே மொட்டை போட்டேன் என்று அழுதாள். கோபம் வந்து அம்மன் படத்துக்கு மூன்று நாள் விளக்கு ஏற்றவில்லை. அப்புறம் அதற்கும் பயந்து ஏற்றினாள்.

தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். கேட்டால் காது வலி என்றாள். மழை தொடங்கியதும் குளிர் என்றாள். சிப்காட் ரோட்டில் லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பாதிப் பெண்கள் துணி சுற்றித்தான் வருவார்கள் என்பதால் கொஞ்ச நாள் ஓடியது. ஆனால் வரிசையில் தன் முறை நெருங்க நெருங்க நெஞ்சு அடித்துக்கொள்ளும். மோகன்ராஜ் இரண்டு நொடி கூடுதலாகப் பார்த்தால் துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள். வினோதாகூட ஒருநாள், "இன்னாக்கா, முடி இன்னும் வளரலியா?" என்று கேட்டாள். "வளருது வளருது" என்று மழுப்பினாள். வினோதா முந்தினநாள்தான் டை அடித்திருந்தாள் போலிருக்கிறது, நெற்றி ஓரம் கருத்திருந்தது. அதைப் பார்க்கக் கனகாம்பாளுக்குப் பொறாமையாக வந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து போகும்போது மோகன்ராஜ் எல்லோரையும் நிறுத்திச் சொன்னான். "திங்கக்கெயமைலருந்து கேட்ல மூஞ்சி பாக்குற மிஷினு வெக்கிறாங்க. முண்டாசு, முக்காடு ஒண்ணும் கூடாது. தலையத் தொறந்துக்கினு நில்லுங்க."

அவ்வளவுதான். தலைமேல் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது கனகாம்பாளுக்கு. திங்கட்கிழமை அவளுடைய வேலைக்குக் கடைசி நாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து, பூவராகவன் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். அலமாரியின் மேல்தட்டில் பழைய டை பாக்கெட் ஒன்று கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை, கொஞ்சூண்டு பூசினால் என்ன ஆகிவிடும்? பூவராகவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டான்.

"வேல போனா போய்த் தொலையட்டும். நீ செத்துட்டா நா இன்னாத்த பண்ணுவேன்?" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வேலை போகத்தான் போகிறது. போனபின் என்ன செய்வது என்று யாரையாவது கேட்க வேண்டாமா? அப்போதுதான் கெங்கம்மாள் ஞாபகம் வந்தது. ஆரம்பாக்கம் பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஏறிப் போனாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. இப்போது முழு வெள்ளையாகிவிட்ட கொண்டையோடு, தடியான கண்ணாடி போட்டுக்கொண்டு, கெங்கம்மாள் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடியோவ், கனகாவா! இன்னாடி இது தல, வெள்ளாட்டுக் குட்டி மாரி? வா, குந்து. மொதல்ல நாஷ்டா துன்னு."

கனகாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். வீக்கம், மொட்டை, முண்டாசு, நாளைக்கு வரப்போகிற மிஷின். "உன்ன தொரத்துன மாரியே என்னியும் தொரத்திடுவான்க்கா. முடி நரச்சா அவனுக்கு ஆகாதே. நீ எப்டி பொயச்சே, அத சொல்லு. நானும் எங்கனா கட போட முடியுமான்னு பாக்கறேன்."

கெங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "முடிக்கா? என்னிய முடிக்காவா தொரத்துனான்? எவ சொன்னா?"

"எவளும் சொல்லல. ஆயான்னு கூப்ட்டு வராதன்னானே. எல்லாரும் கேட்டமே."

"அடிப் பைத்தியங்களா!" கெங்கம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். "முடியும் இல்ல, மசுரும் இல்ல. கண்ணுடி! எனக்கு லேபிளு தெரியல. தேதி இல்லாத பாட்டிலா ஒரு லோடு உட்டுட்டேன். அத்தினியும் திரும்பி வந்துச்சி. அவன் மூணு தபா சொன்னான், கண்ணாடி வாங்கிப் போடு, கண்ணாடி வாங்கிப் போடுன்னு. கண்ணாடி போட்டா கெயவின்னு நெனச்சிப்பானேன்னு நாந்தான் போடல. நாலாந்தபா வராதன்னுட்டான். இந்தா, இப்ப போட்டுக்கினுதான் கீறேன், இன்னா கொறஞ்சி போச்சி?"

சிரித்துக்கொண்டே வந்தவள், கனகாம்பாளின் காதோரம் இன்னும் ஆறாமல் கிடந்த தழும்பைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "இத்தினி வருஷமா எல்லாருமா அடிக்கிறீங்க? ஒருத்திக்குக்கூட வந்து என்னிய கேக்கணும்னு தோணலியாடி?" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் கனகாம்பாளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. கொஞ்ச காலமாக அவளே பாட்டிலை எட்டத் தள்ளிப் பிடித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தேதி கொசகொசவென்று எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரியும். ஏதோ அச்சாகியிருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவாள். தப்பிப் போனால்தான் என்ன, எதிரே வினோதா இருக்கிறாளே, அவளுக்கு இன்னும் நாற்பத்திரண்டுதான், அவள் பிடித்துவிடுவாள் என்று ஒரு தைரியம். கெங்கம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றி இவள் மூக்கில் மாட்டி, பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தாள். பாக்கெட்டின் பின்னால் இருந்த பொடி எழுத்தெல்லாம் எழுந்து நின்றது.

திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி பஜாரில் இறங்கிக் கண்ணாடிக் கடைக்குள் போனாள். கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, "இது தெரிதா, இது தெரிதா" என்று கேட்டார். தெரிந்த ஒன்றை வாங்கிக்கொண்டாள். வண்டியில் வரும்போது மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. கெங்கம்மாள் சொல்வது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. இப்போது மோகன்ராஜ் மனசில் என்ன இருக்கிறதோ! வெள்ளைத் தலை ஒன்றே போதும். அதன்மேல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்றால், எனக்குக் கண் தெரியவில்லை, என்னை அனுப்பிவிடு என்று தானே போய்ச் சொல்வது போல் ஆகாதா? அன்று ராத்திரி முழுக்க அவள் புரண்டு புரண்டு படுத்தாள்.

திங்கட்கிழமை கேட்டில் கனகாம்பாள் முண்டாசை அவிழ்த்தாள். முடிச்சு சீக்கிரம் வரவில்லை. குட்டை குட்டையாக நின்ற வெள்ளை முடியில் காலை வெயில் பட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கனகாம்பாள் பையிலிருந்து கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். வந்தது வரட்டும் என்று நின்றாள். தைரியமெல்லாம் இல்லை, திரும்பி ஓடப் பின்னால் வழி இல்லை, அவ்வளவுதான்.

மோகன்ராஜ் ஏறிட்டுப் பார்த்தான். "யாரு ஆயா நீ? புதுசா?"

ஆயா என்று சொல்லிவிட்டான். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. "கனகாம்பா சார்" என்றாள். சத்தம் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை.

"அட, கனகாக்காவா! ஆளே தெரியல போ." அவன் எட்டிக் குனிந்து பார்த்தான். "கண்ணாடி இன்னாத்துக்கு? கண்ணு தெரியலியா?"

வரிசை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"இது போட்டா தெரிது சார்."

"அப்ப போட்டுக்கோ. உள்ளாற போயி கயட்டி வெச்சிடாத, அப்பறம் பேஜாரு. போ, போ, மிஷின பாரு."

மிஷின் அவள் முகத்தைப் பார்த்து 'பீப்' என்றது. கனகாம்பாள் உள்ளே போய்விட்டாள். போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. ஆறு வருஷம், அத்தனை பாக்கெட், செத்துப் பிழைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் யாருமே சொல்லாத ஒரு வார்த்தைக்காக!

தொப்பி மாட்டும் அறையில் வினோதா காத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கனகாம்பாளைச் சூழ்ந்துகொண்டு தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கெங்கம்மாள் சொன்னதை அவள் சொன்னதும் பாதிப் பேர் நம்பவில்லை. "அதெல்லாம் உன்கிட்ட சும்மா சொல்லிகீறா" என்று ஒருத்தி சொன்னாள். "எனக்கு அரிப்பே தாங்கல, இந்த சனிக்கெயம நா அடிக்கப் போறதில்ல" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் நகர்ந்தபின் வினோதா கனகாம்பாளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, அந்தக் கண்ணாடி எங்க வாங்குன?"

"கண்ணாடியா? உனுக்கு இன்னாத்துக்குடி?"

வினோதாவின் கண் கலங்கியிருந்தது. "ஒரு வருஷமா லேபிளே தெரியலக்கா. எல்லாம் மசமசன்னு ஓடுது. தலைக்கு டை அடிச்சிக்கினேன். கண்ணுக்கு இன்னாத்த அடிக்கறது? எதிர்ல நீ கீறியே, நீ பாத்துப்பேன்னுதான் தைரியமா உட்டுக்கினு இருந்தேன்."

உன்னை நம்பித்தானே நான் விட்டுக்கொண்டிருந்தேன் என்று கனகாம்பாளின் மனசுக்குள் ஓடியது. ஒரு வருஷமாக அந்த பெல்ட்டில் போன பாட்டில்களை ஒருவரும் பார்க்கவில்லை. எந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு எவள் அதை ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தாளோ. இத்தனை நாள் தன் தலையைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது வந்த பயம் வேறாக இருந்தது.

"சாயங்காலம் நானே உன்ன கடைக்கு இட்டுக்கினு போறேன்" என்றாள். "இன்னிக்கி நீ ஒண்ணுத்தையும் உடாத. எல்லாத்தியும் என் பக்கம் தள்ளு."

பெல் அடித்தது. பெல்ட் நகர ஆரம்பித்தது. கனகாம்பாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலில் வந்த பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, தேதியை வாய்விட்டுப் படித்தாள்.